காலியாக விட்ட இருபத்தேழு

தொழிற்சாலையில் அவளைக் கழுகு என்பார்கள். வயதில் சின்னவர்கள் கழுகக்கா என்பார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. அவளுக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். பதினோரு வருடத்துக்கு முன் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். சட்டையில் தொங்கும் நூலைக் கத்தரித்துக்கொண்டே, செக்கர் கவனிக்காமல் விட்ட தப்பையும் சேர்த்துச் சொல்வாள். இவள் வாயை அடைக்க இவளையே செக்கர் ஆக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஒருநாள் மேலே உட்கார வைத்தார்கள். கப்பலுக்குப் போகக் கட்டி வைத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, இடக்கை ஒரு வெள்ளையும் வலக்கை இன்னொரு வெள்ளையுமாக இருந்த ஒற்றைச் சட்டையை அவள் உருவி எடுத்த அன்று கழுகு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தைத்து முடித்த சட்டை அவள் மேசைக்கு வரும். காலர், தோள், கை, பட்டன், கீழ் ஓரம் என்று எப்போதும் ஒரே வரிசையில் கண்ணும் விரலும் ஓடும். தப்பு இருக்கும் இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டை, தைத்தவளிடமே திருத்தத்துக்குத் திரும்பிப் போகும். தப்பா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை என்றால் பக்கத்தில் ஒரு நீலக் கூடை இருக்கிறது, அதற்குள் போட்டுவிடுவாள். சந்தேகம்னா தள்ளு. எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம் அது. போகாத சட்டையைப் பற்றி யாரும் புகார் சொல்லப் போவதில்லை அல்லவா?

வீட்டில் கணவர், மகள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க அடுத்தவர் மாடிகளில் ஏறி இறங்குகிற மனிதர். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் முதல் வைத்தியம் ஒன்றுதான்: ஆஃப் பண்ணு, பத்து எண்ணு, ஆன் பண்ணு. டி.வி.க்கும் அதேதான், மாமியார் சண்டைக்கும் அதேதான். மகள் ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் தோள் வரை வளர்ந்தபிறகும் அவளுக்குப் பொடிசு என்றுதான் பெயர்.

வேலைக்குப் போகிற அம்மா பிள்ளையைக் கவனிப்பதில்லை என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. கழுகின் வைராக்கியம் இது. சாயங்காலம் ஏழு மணிக்குச் சோறு அடுப்பில் இருக்கும்போதே பொடிசின் நோட்டுகள் சாப்பாட்டு மேசைக்கு வந்தாக வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தொழிற்சாலையில் சுருள் தீரும்போது மிஞ்சுகிற அம்பு ஸ்டிக்கர்கள் அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஒற்று விட்டுப்போன இடத்தில் ஓர் அம்பு. சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருந்தால் ஓர் அம்பு. அவள் படித்தது எட்டாவது வரைதான், அதனால் பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுவாள். மாதம் ஆக ஆக அம்புகள் குறைந்துகொண்டே வந்தன. தையல் லைனில் தப்பு குறைந்தால் எப்படி இருக்குமோ அப்படி உச்சி குளிர்ந்து போயிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

வகுப்பு டீச்சர் ஒரு விடைத்தாளை மேசையில் தள்ளி வைத்தார். நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கோடுகள். பதின்மூன்றுக்குத்தான் பதில் இருந்தது. இருபத்தேழு இடம் வெள்ளையாகக் கிடந்தது.

“இதுல ஒரு தப்பு கூட இல்லையே டீச்சர்,” என்றாள் கழுகு. வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

“எழுதின பதிமூணும் சரிதாம்மா. ஆனா இங்க நாற்பதுக்குத்தான் கணக்கு. மூணு மாசமாவே இப்படித்தான், தேஞ்சுக்கிட்டே வருது. வாயால கேட்டா பாதிக்கு மேல சொல்றா, பேப்பரைக் குடுத்தா எழுத மாட்டேங்கிறா.” டீச்சர் கோப்பிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். “வீட்டு விவரம் கேட்டுக் குடுத்த படிவம் இது. அப்பா தொழில் இருக்கு. அம்மா தொழில்னு கேட்ட இடம் காலியா இருக்கு. வீட்லதான் இருக்கீங்கன்னு நெனச்சேன். வேலைக்குப் போறீங்களா?”

“ஆமா டீச்சர். சட்டைக் கம்பெனியில.”

“அதான்,” என்றார் டீச்சர்.

ஒரே சொல்தான். விசாரணை, வாதம், தீர்ப்பு எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிட்டது. பக்கத்துக் கட்டத்தில் அப்பாவின் தொழில் குண்டு குண்டாக எழுதியிருந்தது. அந்த மனிதரும் காலையில் போய் இருட்டிய பிறகுதான் வருகிறார். அதைப் பார்த்து யாரும் “அதான்” என்று சொல்லவில்லை. கழுகுக்குக் காது வரை சுட்டது. யாருக்குத்தான் சுடாது?

டீச்சர் பொல்லாதவர் இல்லை. வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு இன்னொரு தேர்வு வைப்பதாகச் சொன்னார். இருபது வாங்கினால் ஆறாம் வகுப்பு. வாங்காவிட்டால் பொடிசு அடுத்த வருடமும் அதே அறையில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். பழைய விடைத்தாளில் கையெழுத்துப் போட்டு, படிவத்தையும் நிரப்பி அன்றைக்கே கொண்டுவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு வருஷம் வேலையை விட்டுட்டு வீட்ல இருந்து பாரேன். அப்புறமா திரும்பச் சேர்ந்துக்கலாம்.”

“என்னங்க, நான் என்ன லிஃப்டா? ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்கு?”

“அப்ப வேற என்ன பண்ணலாம், சொல்லு. அவளுக்கு ஒரு வருஷம் போச்சுன்னா?”

“வியாழக்கிழமை அவ எழுதுவா. எழுதலைன்னா அன்னிக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன், போதுமா?”

கோபத்தில் வந்த வார்த்தை அது. கணவர் “சரி” என்று சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பதினோரு வருடம் ஒரு நாக்குப் புரளலில் போய் மாட்டிக்கொண்டது. வாயைக் கொடுத்தாயிற்று, திரும்ப வாங்க முடியாது.

திங்கள் சாயங்காலமே மாதிரிக் கேள்விகள் எழுதிக் கொடுத்து உட்கார வைத்தாள். கண்கொத்திப் பாம்பாக எதிரிலேயே தானும் உட்கார்ந்தாள். இருபது கேள்விக்குப் பொடிசு ஒன்பது எழுதினாள். எட்டு சரியாக இருந்தது, தப்பாக இருந்த ஒன்றில் அம்பு விழுந்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்சம் கிட்டே நாற்காலியைப் போட்டாள். ஆறுதான் எழுதினாள். ஆறும் சரி.

“ஏன்டி மீதியை எழுதல?”

பொடிசு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“தெரியாதா?”

“தெரியாதுன்னு இல்ல.”

“பின்ன?”

பொடிசு பென்சில் டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அந்தச் சத்தமே கழுகின் மண்டைக்குள் ஏறியது. கை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கிய கையைப் பிள்ளை பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அடித்தேயிருக்கலாம்.

புதன்கிழமை தொழிற்சாலையில் அனுமதி கேட்டாள். மறுநாள் மதியம் வெளியூர்க் கம்பெனி ஆட்கள் சரக்குப் பார்க்க வருகிறார்கள். சூப்பர்வைசர் சின்னப் பையன்தான், மரியாதை தெரிந்தவன். அவனே தலையைச் சொறிந்தான்.

“பத்து மணிக்கு கேட்டை மூடிடுவாங்கக்கா. அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அவங்க வர்ற நேரத்துல கழுகக்கா மேசை காலியா இருந்தா என் கதை கந்தல்.”

“பத்துக்குள்ள வந்துடுவேன்.”

சொல்லிவிட்டுச் சட்டைகளைப் பார்க்க உட்கார்ந்தாள். அன்று மட்டும் நீலக் கூடை இரண்டு முறை நிரம்பியது. எதைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது.

சாயங்காலம் பழைய விடைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அது பையிலேயே கிடந்தது. தப்பே இல்லாத தாளில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவள் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கவேயில்லை. இப்போது மேசையில் வைத்து, மடிப்பை நீவிவிட இடக்கையால் தடவினாள். தடவிய விரல் நின்றது.

தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்த துணி எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். நூலை உருவினாலும் ஊசி போன துளை இருக்கும், இஸ்திரி போட்டாலும் விரலுக்குத் தெரியும். இந்தத் தாளும் அப்படித்தான் இருந்தது. வெள்ளையாகக் கிடந்த கோட்டின் மேல் ஏதோ சொரசொரத்தது. டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். பென்சில் அழுத்திய பள்ளம் வரி வரியாகத் தெரிந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை பென்சில்தான்.

இலைக்குப் பச்சை நிறம் தருவது எது என்ற கேள்விக்குக் கீழே பச்சையம் என்று எழுதி அழித்திருந்தது. சரியான பதில்! அடுத்ததைச் சாய்த்தாள். அதுவும் எழுதி அழித்தது. அடுத்ததும். சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததை அவள் கவனிக்கவில்லை, கணவர்தான் ஓடிப்போய் கேஸை மூடினார். புத்தகத்தை விரித்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். காலியாக விட்ட இருபத்தேழில் இருபத்தொன்றில் பதில் இருந்தது. அதில் பதினான்கு சரி.

பதின்மூன்றும் பதினான்கும் இருபத்தேழு. பிள்ளை அன்றைக்கே தேறியிருந்தாள். தானே எழுதி, தானே அழித்து, தானே தோற்றிருந்தாள்.

“பொடிசு, இங்க வா.”

வந்தாள். தாள் சாய்ந்திருந்த கோணத்தைப் பார்த்ததுமே அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“எழுதிட்டு ஏன்டி அழிச்ச?”

“சந்தேகமா இருந்துச்சு.”

“சந்தேகமா இருந்தா?”

“சந்தேகம்னா தள்ளுன்னு நீதானம்மா சொல்வ. தப்போட போனாத்தான் வம்புன்னு.” பொடிசு தாளின் ஓரத்தைச் சுருட்டினாள். “எழுதாத இடத்துல அம்பு ஒட்ட முடியாதுல்ல?”

சாப்பிடும்போது கழுகு பெருமையாகச் சொன்ன தொழில் கதை ஒவ்வொன்றையும் பிள்ளை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒன்றைக்கூட விடவில்லை.

“அது சட்டைக்குடி. உனக்கா சொன்னேன்?”

“நீயும்தான் அப்படிப் பண்ண.”

“நானா?”

“படிவத்துல. அம்மா தொழில்னு இருந்த இடத்துல பேனாவை வெச்சுக்கிட்டே இருந்த. சின்ன ரவா பெரிய றவான்னு அப்பாகிட்ட கேட்ட. அப்பா குளிச்சுட்டு இருந்தாரு. அப்புறம் மூடி வெச்சுட்ட.”

உண்மைதான். தரப் பரிசோதகர் என்று எழுத வேண்டும். வாயால் நூறு தடவை சொல்லியிருக்கிறாள், எழுதியதேயில்லை. ஊர்த் தப்பையெல்லாம் விரல்நுனியில் பிடிக்கிறவள், தன் தொழிலின் பெயரில் ஒரு தப்பு வந்துவிடுமோ என்று அதையே நீலக் கூடையில் போட்டிருந்தாள். நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் சுருள்களை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

“நாளைக்கு நாற்பதையும் எழுது. தப்பா இருந்தாலும் எழுது.”

“தப்பா இருந்தா என்ன பண்ணுவ?”

“தப்பு வந்தா திருத்தலாம்டி. வெறும் துணியைக் குடுத்தா நான் எதைத் திருத்துவேன்?”

பொடிசு தலையை ஆட்டினாள். ஆனால் நம்பின மாதிரித் தெரியவில்லை. மூன்று மாதப் பழக்கம் ஒரு சாயங்காலத்தில் போய்விடுமா?

வியாழக்கிழமை எட்டரை மணிக்கு வகுப்பறையின் கடைசி வரிசையில் பொடிசைத் தனியாக உட்கார வைத்தார்கள். பழைய விடைத்தாளைக் கொடுக்கும்போதே, எழுதி அழித்த பள்ளங்களைக் கழுகு டீச்சருக்குச் சாய்த்துக் காட்டியிருந்தாள். கழுகு வெளியே தாழ்வாரத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். காலையில் ரப்பரை டப்பாவிலிருந்து எடுத்து ஒளித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் கை போனது. எடுக்கவில்லை. அப்படிச் செய்தால் நாளைக்கு வேறொரு ரப்பர் வரும்.

பென்சில் நகர்ந்தது. முதல் பக்கம் திரும்பியது. சுவர்க் கடிகாரம் எட்டு ஐம்பதைக் காட்டியபோது பென்சில் நின்றது.

பொடிசு எழுதியதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். கை மெல்ல ரப்பரிடம் போனது. கத்தலாம், ஆனால் கத்தினால் தேர்வு செல்லாது. ரப்பர் தாளைத் தொட்டது. ஒரு வரி போயிற்று. கழுகு ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அவள் வேலை, பிள்ளையின் வருடம் எல்லாம் அந்த ரப்பர்த் துகளோடு துகளாக மேசையிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பொடிசு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

கழுகு என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் துழாவினாள். படிவம் கைக்கு வந்தது. அதை ஜன்னல் விளிம்பில் விரித்தாள், பிள்ளைக்குத் தெரியும்படி. பேனாவை எடுத்தாள். காலியாக இருந்த கட்டத்தில் தரப் வரைக்கும் எழுதிவிட்டாள். அடுத்து ப. அதற்கப்புறம் பேனா நின்றது. சின்னதா பெரியதா? நிஜமாகவே தெரியவில்லை. அடிக்கிற வெயிலில் நிற்பது மாதிரி வியர்த்தது. எட்டு வருடப் படிப்பில் எங்கேயாவது இந்தச் சொல் வந்ததா என்று யோசித்தாள், வரவில்லை. பேனாவை அழுத்தி, ஏதோ ஒன்றை எழுதி, சொல்லை முடித்தாள். பேனா எழுத்தை ரப்பரால் அழிக்க முடியாது.

நிமிர்ந்தபோது பொடிசு இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்தாள். அழித்த வரியின் மேலேயே திரும்ப எழுத ஆரம்பித்தாள். ரப்பர் உருண்டு மேசையிலிருந்து கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

ஒன்பதே காலுக்குத் தாளை வாங்கிக்கொண்டு டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்தார். “உக்காருங்கம்மா, இப்பவே திருத்திடறேன்.” பொடிசு அம்மாவின் பக்கத்தில் ஒட்டி நின்றாள். ஒன்பதரை பேருந்தைப் பிடித்தால்தான் பத்துக்குள் போக முடியும். கழுகு உட்காரவில்லை.

சிவப்புப் பேனா முதல் கேள்விக்குச் சரி போட்டது. இரண்டாவதற்குத் தப்பு. மூன்று, நான்கு சரி. ஐந்து தப்பு, ஆறு தப்பு. முதல் பக்கம் முடிந்தபோது பத்தில் ஐந்துதான் தேறியது. பொடிசின் விரல்கள் அம்மாவின் கையை நெரித்தன. இரண்டாவது பக்கத்திலும் பேனா இரண்டு முறை தொடர்ந்து தப்புப் போட்டது. ஆனால் எந்த இடத்திலும் வெள்ளை இல்லை, பக்கம் முழுக்கக் குண்டும் குழியுமாக எழுத்து நிரம்பிக் கிடந்தது. டீச்சர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். பதினெட்டில் ஒரு தடவை நின்றார். ஒரு பதிலைக் கண்ணாடியை ஏற்றி இரண்டு முறை படித்தார். கடிகாரம் ஒன்பது இருபத்தைந்து.

“சரிதான்,” என்று ஒரு கோடு கிழித்தார்.

அப்புறம் மளமளவென்று போயிற்று. கடைசிக் கேள்வி தப்பு. அடியில் எண்ணை எழுதி வட்டம் போட்டார். இருபத்து மூன்று.

“அம்மா, எத்தனை தப்பு?” பொடிசு மெதுவாகக் கேட்டாள்.

“பதினேழுடி!” என்றாள் கழுகு. தாழ்வாரத்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது. “முழுசா பதினேழு!”

டீச்சர் சிரித்தார். தேறியதை விட்டுவிட்டுத் தப்பைக் கொண்டாடுகிற அம்மாவை அவர் பார்த்ததில்லை. படிவத்தை வாங்கினார், கண்ணை ஓட்டினார், பேனாவைத் திறந்தார்.

“பரிசோதகர்ல இந்தப் பெரிய ற வராதும்மா. சின்ன ரதான்.”

“தெரியாமத்தான் எழுதினேன் டீச்சர். திருத்திக்குங்க.” அவள் அதற்குள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். பொடிசின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

“ஒரு நிமிஷம்மா,” டீச்சர் பின்னாலிருந்து கூப்பிட்டார். “மூணு மாசமா நானும் மண்டையை உடைச்சுக்கிட்டேன். ஒரே வாரத்துல இவ எழுதிட்டாளே. அவ அழிச்சு அழிச்சு விடறான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? எங்க யார் கண்ணுக்கும் படலையே!”

கழுகு நடையை நிறுத்தவில்லை. திரும்பி மட்டும் பார்த்தாள்.

“நான் வேலைக்குப் போறேன்ல டீச்சர்,” என்றாள். “அதான்.”